காட்டு நாயும் வீட்டு நாயும்: காலந்தாழ்ந்த ஒரு தீர்ப்பு

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாகப் பணியாற்றும் எனக்குப் பட்டிமன்ற நடுவர் இருக்கை புதியதன்று. கல்வியா செல்வமா, கத்தியா எழுதுகோலா என்னும் தலைப்புகளிலெல்லாம் பன்முறை தீர்ப்புக் கூறியவன் நான். எனினும், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாமே தேர்ந்துகொண்ட தலைப்பொன்று என்னைத் திகைக்க வைத்தது. 'செந்நாயும் ராஜபாளையம் நாயும் மோதினால் வெல்வது எது?' என்பதே அத்தலைப்பு.

செந்நாய் அணியினர் காட்டின் வலிமையைப் பேசினர். ராஜபாளையம் அணியினர் தமிழ் மண்ணின் வீரத்தைப் பேசினர். ஒருவன் பல்லின் நீளத்தைச் சொன்னான். மற்றொருவன் மார்பின் அகலத்தைச் சொன்னான். மணி அடித்தது. நான் தீர்ப்பைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைத்தேன். மாணவர்கள் நகைத்தனர். 'ஐயாவுக்கே தெரியவில்லை' என்று ஒரு சிறுமி தோழியின் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் சொன்னது உண்மையே. அன்று தர இயலாத தீர்ப்பை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்து இங்கே எழுதுகின்றேன்.

ஒரு குடியின் இரு கிளைகள்

போரிடுவோர் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். நாய், ஓநாய், நரி, செந்நாய் ஆகிய அனைத்தும் ஒரே விலங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வுறவைத் தமிழ் இலக்கணம் தன் வழியில் உணர்ந்திருந்தது போலும். தொல்காப்பிய மரபியல் நாயின் குட்டிக்கும் நரியின் குட்டிக்கும் 'குருளை' என்னும் ஒரே பெயரை வழங்குகிறது. பெண் நாய்க்கும் பெண் நரிக்கும் 'பாட்டி' என்னும் பெயர் பொதுவாகிறது. வீட்டு முற்றத்தில் கிடப்பதையும் காட்டுப் புதரில் திரிவதையும் மரபுப் பெயரால் ஓரினமாகக் கண்டனர் நம் முன்னோர்.

வீட்டு நாயின் மூதாதை ஓநாயே என்பது அறிவியலின் முடிவு. ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்னரே, மனிதன் உழவு கற்பதற்கும் முன்பாக, அவ்வுறவு தொடங்கிவிட்டது. செருமனி நாட்டில் பான் நகரையொட்டிய ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையுடைய அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாயும் உடன் கிடந்தனர். ஆடும் மாடும் கோழியும் மனிதனை அடையுமுன்பே நாய் அவனோடு துயின்றது.

செந்நாயோ வேறு கிளை. பீட்டர் சைமன் பல்லாஸ் என்னும் இயற்கையியல் அறிஞர் 1811-ஆம் ஆண்டு இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். வீட்டு நாய்க்கு 42 பற்கள். செந்நாய்க்கு 40 பற்களே. வீட்டு நாயைப் போல இது குரைப்பதில்லை. சீழ்க்கை ஒலி எழுப்பித் தன் கூட்டத்தை அழைக்கும். எந்த மனிதனின் அடுப்பங்கரையிலும் இது படுத்ததில்லை.

வள்ளுவர் தரும் அளவுகோல்

இரு விலங்குகள் மோதினால் வெல்வது எது என்னும் வினாவைச் சிறுபிள்ளைத்தனமானது என்று ஒதுக்கிவிட இயலாது. திருவள்ளுவரே அதனை எடுத்தாண்டிருக்கிறார். பகலில் காக்கை கூகையை வெல்லும் என்று காலமறிதல் அதிகாரத்தில் காட்டுகிறார். ஆழ்ந்த நீருக்குள் முதலை வெல்லும். நீரைவிட்டு வெளியேறினால் பிற விலங்குகள் அதனை வெல்லும் என்று இடனறிதல் அதிகாரத்தில் விளக்குகிறார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், சேற்றில் கால் புதைந்த களிற்றை நரி கொன்றுவிடும் என்று முடிக்கிறார். நாய்க் குடும்பத்து நரி யானையை வெல்லும் காட்சி அது.

இம்மூன்று குறள்களிலும் வள்ளுவர் பல்லையும் நகத்தையும் அளக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. 'எது வலியது?' என்னும் வினாவை, 'எப்போது? எங்கே?' என்னும் வினாக்களாக அவர் மாற்றிவிடுகிறார். இவற்றோடு 'யாருடைய துணையோடு?' என்னும் மூன்றாவது வினாவையும் சேர்த்துக்கொண்டால், நம் பட்டிமன்றத்துக்கு உரிய அளவுகோல் கிடைத்துவிடும்.

காவல் நின்ற நாய்

வீட்டு நாயின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் தென்மாவட்டங்கள் புகழ்பெற்ற நாட்டு நாய் இனங்களின் தாயகம். பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்டது ராஜபாளையம் இனம். தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கியது செங்காவி நிறமும் கரிய முகமும் உடைய கோம்பை நாய். மெலிந்த உடலோடு முயலை விரட்டிப் பிடிப்பது சிப்பிப்பாறை நாய். அதன் உறவாகக் கருதப்படுவது கன்னி நாய். 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களில் இந்நாய்கள் ஆங்கிலேயரின் குதிரைகளை வீழ்த்தின என்னும் செவிவழிச் செய்தி அந்த ஊர்களில் இன்றும் வழங்குகிறது. இந்திய அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு நாட்டு நாய்களுக்கென நான்கு தபால் தலைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று ராஜபாளையம் நாய்க்கு உரியது.

செவிவழிச் செய்தியினும் உறுதியான சான்று கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து, அஃதாவது 7-ஆம் நூற்றாண்டு, நடுகல் ஒன்று உள்ளது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்துக்கு அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டுக் கூறுகிறது.

மன்னர்களின் பெயர்களே பல மறைந்துபோன மண்ணில், ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலைக்கிறது! அக்கல் அந்நாயை எதற்காகப் புகழ்கிறது? எத்தனை விலங்குகளைக் கொன்றது என்பதற்காக அன்று. தன் மனிதனை விட்டு அகலாமல் நின்று காத்தது என்பதற்காகவே. நாட்டு நாயின் உண்மையான வீரம் இதுதான்.

கூட்டமாய் வாழும் செந்நாய்

இனிச் செந்நாயின் வழக்கு. இதனை முறையாக ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழரே. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை கருநாடக மாநிலத்துப் பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்களின் வாழ்வை ஆராய்ந்தார். பிற்காலத்தில் இந்தியக் காட்டுயிர் ஆய்வில் பெரும்பெயர் பெற்று, 2024-ஆம் ஆண்டு மறைந்தார். ஆசிரியராக இருந்தவர் காட்டுக்குள் மாணவராகப் புகுந்த வரலாறு, ஆசிரியப் பணியில் உள்ள நமக்குப் பெருமை தருவது.

அவரும் அவர்போன்ற பிறரும் கண்டறிந்தவை நம் வழக்குக்கு ஒளியூட்டுகின்றன. செந்நாய் உருவில் பெரியதன்று. அதன் எடை ஏறத்தாழ 10 முதல் 20 கிலோகிராம் வரை. தோள் உயரம் ஏறத்தாழ அரை மீட்டர். ஆனால் அது தனித்துப் போரிடுவதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வரை கூட்டமாய் வாழ்ந்து, தன் எடையைப்போல் பன்மடங்குடைய புள்ளிமானையும் கடம்பை மானையும் வீழ்த்தும். சிறுத்தையை மரத்தில் ஏறவைப்பதும் உண்டு. அதே கூட்டம், வேட்டைக்குச் செல்ல இயலாத தாய்க்கும் குட்டிகளுக்கும் இரையை உண்டு வந்து கக்கிக் கொடுக்கும். குட்டிகளைக் காக்கச் சில செந்நாய்கள் வளையருகே காவல் நிற்கும். காவல் என்னும் அறம் கோவிவனுக்கு மட்டும் உரியதன்று.

இனி, மாணவர்கள் கேட்ட கற்பனைப் போரை நடத்திப் பார்ப்போம். ராஜபாளையம் நாயின் தோள் உயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செண்டிமீட்டர். எடையிலும் அது செந்நாயை விஞ்சும். ஆகவே நான்கு சுவர்களுக்குள் ஒன்றுக்கு ஒன்றாக அடைத்தால், உருவில் பெரிய நாய்க்கே வாய்ப்பு மிகுதி. ஆயினும் செந்நாய் அந்நிலைக்கு இயல்பாக வருவதில்லை. காட்டில் கூட்டத்தின் எதிரே தனித்து அகப்படும் நாய் பிழைப்பது அரிது. ஊருக்குள், கையில் கோலும் தீப்பந்தமும் கொண்ட மனிதன் பின்னிற்க, அதே நாய் குரைத்தால் செந்நாய்க் கூட்டம் விலகிப்போகும். துருக்கி நாட்டு இடையர்கள் ஓநாயை எதிர்க்கும் தங்கள் கங்கால் நாய்களுக்குக் கூரிய முட்கள் பதித்த கழுத்துப் பட்டையை அணிவிப்பர். ஓநாயின் பல்லை எதிர்ப்பது அங்கே நாயின் பல் மட்டுமன்று. கொல்லனின் உலையும் கூடவே போரிடுகிறது.

கற்பனைக் கதையிலும் இதுவே உண்மை. ருட்யார்ட் கிப்ளிங் 1895-இல் வெளியிட்ட இரண்டாம் காட்டு நூலில், தக்காணத்திலிருந்து திரண்டுவரும் செந்நாய்ப் படையை ஓநாய்கள் வெல்கின்றன. ஆனால் மலைத்தேனீக்களின் சீற்றத்தையும் ஆற்று வெள்ளத்தையும் படைக்கலமாக்கி வழிவகுத்தவன் மனிதச் சிறுவன் மௌக்ளி. எந்த வழியில் ஆராய்ந்தாலும், நாய்ப் போரின் பின்னே ஒரு மனிதன் நிற்கிறான்.

அரங்கம் அமைத்தவன் யார்?

அம்மனிதன் வேடிக்கை பார்ப்பவனாகவும் இருந்திருக்கிறான். மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் கி.மு. 326 அளவில் பஞ்சாப் நிலத்துக்கு வந்தபோது, சோபெய்தீசு என்னும் அரசன் அவனுக்கு 150 வேட்டை நாய்களைப் பரிசளித்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டயடோரசு எழுதியுள்ளார். நாய்களின் ஆற்றலைக் காட்ட ஒரு சிங்கத்தின்மீது அவற்றை ஏவினர். சிங்கத்தைக் கவ்விய நாயொன்றின் காலை ஒருவன் வாளால் அறுத்தபோதும் அது பிடியை விடவில்லையாம். அவையோர் வியந்தனர். அந்த வியப்புக்காக ஒரு நாய் தன் காலை இழந்தது.

அவ்வியப்பு நெடுங்காலம் நீடித்தது. இங்கிலாந்தின் வாரிக் நகரில் 1825-ஆம் ஆண்டு, நீரோ, வாலேசு என்னும் இரு சிங்கங்களோடு நாய்களை மோதவிட்டுக் கட்டணம் வசூலித்தனர். வளர்த்தவர் கையில் பழகிய நீரோ போரிடவே விரும்பவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1835-இல், விலங்குகளை மோதவிடும் கேளிக்கைகளை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்தது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், நம் மலேசிய நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் அவ்வழியே விலங்குச் சண்டையைக் குற்றமாக்கின. எது வெல்லும் என்று மனத்தில் எண்ணுவது விளையாட்டு. அதற்கு விடைகாண முனைவது கொடுமை. இந்த வேறுபாட்டை உணர உலகுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

உண்மையில் நடந்த போர்

கற்பனைப் போரை விடுத்து, உண்மையில் நடந்த போரைக் காண்போம். நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டு நரிவேட்டையை மறக்க இயலாமல், இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் வரவழைத்தனர். உதகை வேட்டைக் குழுவினர் குதிரையேறி, வென்லாக் புல்வெளியில் நாய்க் கூட்டத்தை ஏவி நம் மலை நரியைத் துரத்தினர். இது போரன்று. ஒரு நரியின் பின்னே ஒரு நாய்ப்படையும், அதன் பின்னே ஒரு பேரரசும் ஓடின.

செந்நாய்க்கு நேர்ந்தது அதனினும் கொடிது. நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்க 1879-ஆம் ஆண்டு ஒரு சட்டம் எழுந்தது. வெள்ளையர் சுடவேண்டிய மானைச் செந்நாய் உண்டது. ஆகவே அது தீங்குயிர் எனப் பழிசுமத்தப்பட்டது. அதனைக் கொல்வோருக்குப் பரிசுப்பணம் வழங்கும் வழக்கம் நிலைபெற்றது. உண்பதற்காக மானைக் கொன்றது கொடியதாகவும், சுவரில் கொம்பு மாட்டுவதற்காகக் கொன்றவன் காப்பாளனாகவும் பெயர்பெற்ற விந்தையை என்னென்பது! 1972-ஆம் ஆண்டு இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே அந்நிலை மாறியது.

துப்பாக்கி ஓய்ந்தபின்னும் போர் ஓயவில்லை. வீட்டு நாயின் உடலில் மறைந்து செல்லும் வெறிநோயும் தொற்றுநோய்களும் காட்டு இனங்களைச் சாய்த்தன. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியில், ஆய்வாளர் கண்காணித்துவந்த காட்டு நாய்க் கூட்டங்கள் 1991-ஆம் ஆண்டு அறவே அற்றுப்போயின; வெறிநோய் அவற்றிடையே பரவியிருந்தது. எத்தியோப்பியாவின் பாலே மலையில் வாழும் அரிய ஓநாய்கள் 1990-களின் தொடக்கத்தில் வெறிநோயால் பெருமளவில் மடிந்தன. நாய்களிடையே காணும் 'டிஸ்டெம்பர்' என்னும் நோய் 1994-இல் செரெங்கெட்டியின் சிங்கங்களைத் தாக்கி, அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. அலெக்சாந்தரின் அவையில் நான்கு நாய்கள் கூடி எதிர்த்த சிங்கத்தை, ஆப்பிரிக்காவில் தடுப்பூசி இடப்படாத ஊர் நாயின் நோய் பல்லின்றி வென்றது.

இப்போரின் இன்றைய கணக்கைப் பாருங்கள். உலகில் வீட்டு நாய்களின் தொகை 70 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகின்றனர். செந்நாய்களுள் இனம்பெருக்கும் பருவத்தவை 949 முதல் 2,215 வரையே எஞ்சியிருக்கலாம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-ஆம் ஆண்டு மதிப்பிட்டது. இத்தொகை சில தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கைக்கு நிகராகலாம். நம் தீபகற்ப மலேசியாவிலும் செந்நாய் உண்டு. 4,343 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவில், ஆய்வாளர்களின் தானியங்கிப் படக்கருவிகளில் அது எப்போதாவது தோன்றியிருக்கிறது. நம் மாணவர் பலர் அதன் பெயரையும் அறியார்.

லயத்து நாயின் கதை

வென்ற நாயாவது வாழ்ந்ததா? இதற்கு விடை சொல்ல, நான் பிறந்த தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

என் தந்தையார் ஒரு கித்தா தோட்டத்தில் இரவுக் காவலராக இருந்தார். மணி என்று பெயரிட்ட நாயொன்று அவருக்குத் துணை. லயத்தின் பின்புறம் நாங்கள் நட்டிருந்த மரவள்ளியைத் தோண்ட வரும் காட்டுப்பன்றியை அது குரைத்தே விரட்டும். தந்தையாரின் மிதிவண்டி ஓசையைத் தொலைவிலேயே அறிந்து, செம்மண் சாலையின் வளைவுக்கு ஓடிச்சென்று நிற்கும்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆண்டுகளில் அத்தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. குடும்பங்கள் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. அங்கே நாய் வளர்க்க இடமில்லை. லயத்து நாய்கள் அங்கேயே விடப்பட்டன. தந்தையார் வாரந்தோறும் சோற்றுப் பொட்டலத்தோடு சென்று வருவார். ஆளற்ற லயங்களில் அந்நாய்கள் கூட்டம் சேர்ந்து, கிடைத்ததைத் தின்று, இரவில் ஊளையிட்டன. புதிய சாலையில் சென்றோர் அவற்றைக் 'காட்டு நாய்கள்' என்று அஞ்சினர். ஒருநாள் தந்தையார் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே திரும்பி வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் அவரே சொன்னார்: 'அது காட்டு நாய் ஆயிடுச்சுன்னு சொல்றாங்கப்பா. அது ஆகல. நாமதான் அதை வீட்டு நாயா வெச்சுக்கல.'

ஈயச் சுரங்கங்களும் பால்மரக் காடுகளும் சூழ்ந்திருந்த ஸ்ரீ கெம்பாங்கானில் இன்று சுரங்கக் குழி ஏரியாயிற்று, காடு குடியிருப்பாயிற்று. அவ்வழியே தெருநாய் ஒன்று தலைதாழ்த்திச் செல்லும்போதெல்லாம் அச்சொல் என் செவியில் ஒலிக்கிறது. செந்நாயை வென்ற இனத்தின் வாரிசு குப்பைத் தொட்டியைக் கிளறி நிற்கிறது. கண்ணுக்கு அழகான வெண்மையை நாடி மனிதன் உருவாக்கிய ராஜபாளையம் இனத்திலோ சில குட்டிகள் செவிட்டுத்தன்மையோடு பிறக்கின்றன. வெற்றியின் பயன் இவ்வளவே.

தீர்ப்பு

அன்பு மாணவர்களே! உங்கள் பட்டிமன்றத்துக்கு என் தீர்ப்பு இது. காட்டில் செந்நாய்க் கூட்டம் வெல்லும். ஊரில், மனிதன் துணைநிற்க, வீட்டு நாய் வெல்லும். இவ்வளவில் இரு அணியினர்க்கும் சமமான புள்ளிகள். ஆனால் வரலாறு என்னும் நெடிய களத்தில் இரண்டும் தோற்றன. காடு இழந்து ஒன்று தோற்றது. வீடு இழந்து மற்றொன்று தோற்றது. இரண்டையும் தோற்கடித்தவன் ஒருவனே. அவன் எந்த அணியிலும் பெயர் கொடுக்கவில்லை; நடுவர் இருக்கையில் அமர்ந்திருந்தான்.

ஆகவே, 'எது வெல்லும்?' என்னும் வினாவை, 'எதனை நாம் காக்கப் போகிறோம்?' என்று மாற்றிக் கேட்க உங்களை வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் நாய் இருந்தால் அதற்குத் தடுப்பூசி இடச் சொல்லுங்கள். இடம் பெயரும்போது அதனை விட்டுச் செல்லாதீர்கள். அதன் நோய் காட்டுக்குள் புகாதிருந்தால், நீங்கள் என்றுமே காணாத ஒரு செந்நாய்க் குருளையும் அங்கே பிழைத்திருக்கும். கோவிவன் தன் மனிதனைக் காத்ததற்கு நம் முன்னோர் கல் நட்டனர். நம்மை நம்பிய உயிர்களை நாம் காத்தோம் என்று நமக்காக யாரேனும் ஒரு கல் நடுவார்களா என்பதை, அடுத்த பட்டிமன்றத்துக்கு உரிய தலைப்பாக உங்களிடம் விட்டுச் செல்கிறேன்.